அறுபது படகு, ஒரே ஒட்டு

மே 6

தம்பிக்கு,

"அன்புள்ள" என்று ஆரம்பிக்கவில்லை. மறந்துபோய் விட்டதல்ல, வேண்டுமென்றே விட்டது. உன் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன், கூப்பிட்டுப் பார்த்துச் சலித்துக்கொள்ளாதே. போனில் என்றால் நான் கத்துவேன், நீ "அக்கா... அக்கா..." என்று இழுப்பாய், கடைசியில் எனக்கே பாவமாகப் போய்விடும். தாளில் கத்தினால் கடைசி வரி வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நேற்று நடந்ததை உன் ஆட்கள் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லியிருப்பார்கள். நான் உள்ளதைச் சொல்கிறேன். பந்தயத்தின் கடைசி நாள். முதலிடத்தில் நானும் என் மகள் சின்னவளும். அவள் முன்பாயைப் பார்த்துக்கொள்ள, நான் சுக்கானைப் பிடிக்க, காற்று நன்றாக ஏறியிருந்தது. கடைசிச் சுற்றில் நீ வரைந்த இந்தப் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்மேல் வழுக்கியது பார், நான் உன்னை மனதாரப் புகழ்ந்தேன். இப்போது அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

கரைக்கு வந்து ஈரம் சொட்ட நிற்கும்போதே உங்கள் அளவுக்காரர் டார்ச்சும் தராசுமாக வந்துவிட்டார். ஜெயித்த படகைப் பிரித்துப் பார்ப்பது வழக்கம்தான். தரைப்பலகையைத் தூக்கினார். கீலுக்குப் பின்னால், உள்பக்கம், கை அகலத்துக்கு ஃபைபர் துணி ஒட்டியிருந்தது. "இது என்னம்மா?" என்றார். "விரிசல் விட்டிருந்துச்சு, ஒட்டினேன்" என்றேன். சின்னவள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை பேர் முன்னால் அவமானம், பாவம் அவளுக்கு. அளவுக்காரர் உனக்குப் போன் போட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பி வந்து, "டிசைனர் சொல்லிட்டாருங்க. படகுல மாத்தம் பண்ணியிருக்கீங்க, பாயிண்ட் மொத்தமும் கேன்சல்" என்றார்.

அரை நிமிடத்தில் தீர்ப்பு! "ஏன் ஒட்டினாள்?" என்று ஒரு வார்த்தை கேட்க உனக்கு வாய் வரவில்லை. கோப்பை இரண்டாவதாக வந்த பல் டாக்டருக்குப் போயிற்று. "மேடம், ரூல்ஸ்னா ரூல்ஸ்தானே" என்று பல்லைக் காட்டினார். அவர் தொழில் அது.

உனக்கே பாடம் எடுக்கிறேன், கேட்டுக்கொள். படகின் வயிற்றிலிருந்து ஆள் உயரத்துக்குத் தண்ணீருக்குள் இறங்குகிறதே கீல் என்ற இரும்புத் தகடு, அதன் நுனியில் ஒரு ஈயக் குண்டு இருக்கிறது. அது இருப்பதால்தான் படகு கவிழாமல் நிற்கிறது. அந்தத் தகடு உடம்போடு சேரும் இடத்தில், பின் ஓரத்தில், மயிரிழை மாதிரி ஒரு விரிசல். நான் நாள் முழுக்க எக்ஸ்ரேயில் எலும்பு பார்க்கிறவள். விரிசலுக்கும் கீறலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். அந்த ஒட்டு என் படகை வேகமாக்கவில்லை. எடைதான் கூட்டியது.

அக்கா

மே 14

அக்கா,

நீ கத்தியதைக் கடைசி வரி வரை கேட்டேன்.

உன் படகு என்று அவர் சொன்னதும் அரை நிமிடத்தில் முடித்ததற்குக் காரணம் உண்டு. இன்னும் ஒரு நிமிடம் பேசியிருந்தால் இளகியிருப்பேன். அப்புறம் ஊர் வாயை யார் மூடுவது? "டிசைனரோட அக்கா, அதான் விட்டுட்டாங்க" என்று ஒருவன் சொன்னால் போதும், ஆலா என்ற இந்தப் படகு வகுப்பே முடிந்தது.

எதற்காக இதை வரைந்தேன் என்று மறந்துவிட்டாயா? அப்போது உனக்கு இருபத்திரண்டு வயது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் புதுப் பாய் வாங்கிக் கட்டிய ஒரு பணக்கார வீட்டுப் பையனிடம் தோற்றுவிட்டு, கரையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டே, "கை தோக்கலடா, காசு தோத்துடுச்சு" என்றாய். அந்த ஒரு வாக்கியத்துக்காக என் வாழ்நாளில் பாதியைக் கொடுத்திருக்கிறேன். எல்லாப் படகும் ஒரே அச்சிலிருந்து. எல்லாப் பாயும் ஒரே கடையிலிருந்து. எடை குறைந்த படகுக்கு ஈயத்துண்டு வைத்துச் சமன் செய்கிறோம். ஜெயித்தால் கை ஜெயித்தது, அவ்வளவுதான். இதில் நீயே உன் படகை ரகசியமாகத் திறந்து உள்ளே வேலை பார்த்தால் நான் யாரிடம் போய் நியாயம் பேசுவது?

விரிசல் என்றால் எழுதிக் கேட்டிருக்கலாம். நீ கேட்கவில்லை. ஏன் என்றும் எனக்குத் தெரியும். எங்கேயோ பாறையில் தட்டியிருக்கிறாய். காரை நான் இடிக்கவே இல்லை, கம்பம்தான் நகர்ந்து வந்தது என்று சாதித்தவள்தானே நீ.

கீலைப் பற்றிக் கவலைப்படாதே. முதல் படகைப் பக்கவாட்டில் சாய்த்து, குண்டின்மேல் மணல் மூட்டை அடுக்கி ஒரு நாள் முழுக்க வைத்திருந்தோம். அசையவில்லை. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். எல்லாம் ஒரே அச்சு, அதனால் எல்லாம் தாங்கும்.

தம்பி

மே 29

தம்பிக்கு,

கம்பத்தை இழுத்தாய் அல்லவா, இப்போது வாங்கிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை படகுத்துறைக்குப் போனேன். "என் ஸ்பேனரைக் காணோம், போன தடவை உங்க படகுல விட்டுட்டேனோ என்னமோ" என்று ஒவ்வொருவரிடமும் கதை விட்டேன். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் தரைப்பலகையைத் தூக்கினேன். பத்துப் பன்னிரண்டு படகு பார்த்திருப்பேன். இரண்டைத் தவிர எல்லாவற்றிலும் ஒட்டு!

ஒருவர் அதன்மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருக்கிறார். ஒருவர் கால் வழுக்காமல் இருக்க என்று சொல்லி ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறார். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஒருவர், பாவம், நான் பலகையில் கை வைத்ததுமே வியர்த்துப்போனார். "வெளிய சொல்லிடாதீங்கம்மா. நான்தான் எங்கயோ இடிச்சிருக்கேன், எப்பன்னே தெரியல" என்றார். புருஷனும் பெண்டாட்டியுமாக ஓட்டுகிறார்களே, அந்த ஜோடி. அவர் ஒட்டியது அவளுக்குத் தெரியாது. நான் தூக்கியபோதுதான் அவளே பார்த்தாள். அங்கே இன்னும் சண்டை ஓயவில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டு போன பல் டாக்டர் படகிலும் இருக்கிறது. பல்லடைக்கிற மாதிரி வழுவழுவென்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறார், மனிதருக்குக் கைவேலை தெரியும். அவர் படகு இரண்டாவதாக வந்ததால் திறந்து பார்க்கவில்லை.

ஒவ்வொருவரும் தன் படகு மட்டும்தான் விரிசல் விட்டது, தன் கைதான் தப்பு பண்ணியது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். சொன்னால் நீ பந்தயத்திலிருந்து தள்ளிவைப்பாய். தள்ளிவைப்பாய் என்றுதான் எனக்கே நடந்து காட்டிவிட்டதே.

அறுபது படகும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று தவம் கிடந்தாய். இருக்கின்றன. ஒரே இடத்தில் ஒரே விரிசல், அதன்மேல் ஒரே ஒட்டு, அதன்மேல் ஒரே பொய். சந்தோஷமா?

ஒரு சோறு பதம் என்று எழுதினாயே, அதையே திருப்பித் தருகிறேன். என் சோறு வேகவில்லை. அப்படியென்றால் பானையைப் பாரடா.

அக்கா

ஜூன் 10

அக்கா,

படகுகளின் எண் ஒன்றுகூட நீ எழுதவில்லை. யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற பெருந்தன்மை. எண் இல்லாமல் எழுதினால் அதற்குப் பெயர் வம்பு.

சரி, நீ சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் ஒட்டினால் பத்து விதமாகத்தான் ஒட்டியிருப்பார்கள். ஒருவன் இரண்டு அடுக்கு, ஒருவன் ஆறு அடுக்கு. நாளைக்கு ஒட்டு என்ற பெயரில் ஒருவன் அடிப்பாகத்தையே விறைப்பாக்கி வேகம் கூட்டுவான். காசு மறுபடி பின்வாசல் வழியாக உள்ளே வரும். எனவே சுற்றறிக்கை அனுப்பிவிட்டேன். ஜூலை 3 தொடங்கும் பெரிய பந்தயத்துக்கு முன்னால் எல்லோரும் தங்கள் ஒட்டைக் கிரைண்டர் வைத்து எடுத்துவிட வேண்டும். தாங்களாக எடுத்தவர்களுக்குத் தண்டனை கிடையாது. அளவுக்காரர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட படகு மட்டும்தான் தண்ணீரில் இறங்கும்.

உன் மேல் எனக்குக் கோபம் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். ஜெயித்தபோதெல்லாம் இந்தப் படகு நல்ல படகு. தள்ளிவைத்ததும் கோளாறான படகு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீ ஆடத் தெரிந்தவள், அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகமாக வருகிறது.

தம்பி

ஜூன் 19

தம்பி,

கூடம் கோணலா இல்லையா என்று பிறகு பார்ப்போம். முதலில் இதைப் படி. கிண்டலை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன்.

என் ஒட்டை நான் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் படகு கரையில் நிற்கும், நிற்கட்டும். ஆனால் பல் டாக்டரோடு ஓட்டுகிற ஆளுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. எக்ஸ்ரே எடுத்ததே நான்தான். அவர் சின்னவளைக் கூப்பிட்டார். அவளும் சரி என்றுவிட்டாள். அவர் உன் சுற்றறிக்கை வந்த அன்றைக்கே ஒட்டைச் சுரண்டிவிட்டு அளவுக்காரரிடம் நல்ல பெயர் வாங்கிவிட்டார்.

"போகாதே" என்றேன். "மாமா போட்ட படகு, மாமா சொன்ன ரூல். மாமா படகு உடையாதும்மா. உங்க ரெண்டு பேர் சண்டையில என்னை இழுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். வளர்ந்த பெண், கட்டியா போட முடியும்?

மணல் மூட்டை வைத்தேன், அசையவில்லை என்கிறாய். ஒரு கம்பியை ஒரு தடவை வளைத்தால் உடையாது. முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டே இரு, என்ன ஆகிறது பார். அலை அதைத்தான் செய்கிறது. படகு ஒவ்வொரு தடவை மூக்கைத் தூக்கி விழும்போதும் அந்தக் குண்டு பின்னால் ஒரு தள்ளு, முன்னால் ஒரு இழுப்பு. உனக்கு இது எப்படித் தெரியும்? காற்று அடிக்கிற நாளில் நீ உன் படகில் ஏறியதே இல்லை. ஏரியில் மிதிபடகில் வாந்தி எடுத்தவன் நீ.

இன்னொன்று. நீ முதன்முதலில் வரைந்த படத்தை என் சாப்பாட்டு மேஜையில் விரித்தாய். நான் அதன்மேல் டம்ளரை வைத்து வட்டமாகக் கறை ஆக்கிவிட்டேன் என்று இரண்டு நாள் பேசவில்லை. அந்தக் கறை, கீலுக்குப் பின்னால் அதைத் தாங்க நீ போட்டிருந்த மூன்றாவது குறுக்குச் சட்டத்தின்மேல் இருந்தது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் படகில் இரண்டு சட்டம்தான் இருக்கிறது. மூன்றாவது எங்கேடா போயிற்று?

பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்காதே. சுற்றறிக்கையைத் திரும்ப வாங்கு. முடியாது என்றால், ஒட்டை எடுத்த ஒரு படகில் நீ ஏறி உட்கார். அவள் உட்காரப் போகிற இடத்தில் உட்கார். அதற்கப்புறமும் அவளை அனுப்ப உனக்கு மனம் வந்தால், நான் வாயைத் திறக்கவில்லை.

அக்கா

ஜூலை 3

அக்கா,

விரலில் கட்டுப் போட்டிருக்கிறேன், எழுத்து கோணலாக இருக்கும். இன்று அங்கே பந்தயத்தின் முதல் நாள் என்று எனக்குத் தெரியும். அதனால் முதல் செய்தியை முதலில் எழுதுகிறேன். பந்தயத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். நீ இன்னும் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய், சின்னவள் போன் கரையில் பைக்குள் கிடந்திருக்கும். அளவுக்காரரைப் பிடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. கிடைத்ததும், "கிளம்பிட்டாங்க சார், ரெண்டாவது சுத்து போயிட்டிருக்கு" என்றார். கொடியை ஏற்றிக் கூப்பிடச் சொன்னேன். பத்து நிமிடம் கழித்து அவரே அழைத்து, ஒவ்வொருவராகத் திரும்புகிறார்கள் என்றார். பல் டாக்டர் படகு வந்ததா என்று கேட்டேன். பதில் வருவதற்குள் லைன் போய்விட்டது. அதிலிருந்து கிடைக்கவே இல்லை. சும்மா உட்கார முடியாமல் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதம் வந்ததிலிருந்து வீம்புக்கு நாளைக் கடத்தினேன். நேற்றுதான் படகு கட்டும் யார்டில் விருந்தாளிகளுக்குக் காட்ட வைத்திருக்கும் படகின் தரைப்பலகையைத் தூக்கினேன். நம் படகு, பாறையைக் கண்ணால் பார்த்ததில்லை. அதிலும் ஒட்டு இருந்தது! மேஸ்திரியைக் கூப்பிட்டேன். தலையைச் சொறிந்தார். "ரெண்டு வருஷமா இருக்கு சார். சொன்னா அச்சு தப்புன்னு சொல்றியான்னு திட்டுவீங்கன்னுட்டு..." என்றார். நான் திட்டியிருப்பேன்தான். நேற்றும் திட்டினேன்.

என் சுற்றறிக்கைப்படி அந்த ஒட்டை எடுக்கச் சொன்னேன். இன்று விடிந்ததும் மேஸ்திரி சுக்கானைப் பிடிக்க, நான் சின்னவள் இடத்தில் உட்கார்ந்தேன். நல்ல காற்று. முனை தாண்டுவதற்குள் வாந்தி எடுத்தேன், நீ சிரித்துக்கொள். பிறகு காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு அவர் பெரிய பாயை விரித்தார். படகு எழுந்து ஓடியது. நான் வரைந்தது இவ்வளவு வேகமாகப் போகும் என்று எனக்கே தெரியாது. ஒரு நிமிடம் நீ சொன்னதெல்லாம் பொய் என்று குதூகலமாக இருந்தது.

அப்புறம் பலகையைத் தூக்கிவிட்டு, குப்புறப் படுத்து, கீலுக்குப் பின்னால் விரலை வைத்தேன். படகு அலையில் ஏறும்போது விரிசல் திறந்தது. விழும்போது மூடியது. மூடும்போது என் விரல் தோலைக் கவ்வியது. கையை எடுத்தால் ரத்தம். மேஸ்திரியிடம் "திருப்புங்க" என்றேன்.

மூன்றாவது சட்டத்தை நான்தான் எடுத்தேன். அது இருந்தபோது படகு கனத்தது, மிதமான காற்றில் எழும்பி வழுக்கவில்லை. எடுத்ததும் எழும்பியது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும்தான். கணக்கில் தாங்கும் என்று வந்தது. ஒரு தடவை வளைக்கிற கணக்கு.

இனி எந்த ஆலாவும் மூன்றாவது சட்டம் வைக்காமல் தண்ணீரில் இறங்காது. அறுபதுக்கும் யார்டு செலவில் ஒரே மாதிரி வைத்துத் தருகிறோம். படம் இன்றே வரைகிறேன்.

உன் தகுதி நீக்கத்தை மட்டும் எடுக்க மாட்டேன். அன்றைக்கு விதி அது, நீ சொல்லாமல் மீறினாய். இதைப் படித்ததும் தாளைக் கிழிப்பாய், தெரியும். கிழித்துக்கொள். ஆனால் அவள் கரைக்கு வந்துவிட்டாள் என்று மட்டும் எப்படியாவது சொல்லி அனுப்பு.

தம்பி

ஜூலை 9

தம்பிக்கு,

கிழித்தேன். பிறகு டேப் போட்டு ஒட்டி மறுபடி படித்தேன்.

அவள் வந்துவிட்டாள் என்று அன்று மாலையே அளவுக்காரர் உனக்குச் சொல்லியிருப்பார். ஆனால் எப்படி வந்தாள் என்று அவர் சொல்லியிருக்க மாட்டார், நான் சொல்கிறேன். உன் படகு எழுந்து ஓடியது என்று எழுதினாயே, அதே வேகத்தில்தான் அவர்களும் ஓடிக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டர் கொடியைப் பார்த்தும் ஒரு சுற்று கூடப் போகலாம் என்று பார்த்திருக்கிறார், முன்னணியில் இருந்தார் அல்லவா. சின்னவள்தான் பாயை இறக்கினாள். துறைக்கு வந்து கிரேனில் மாட்டித் தூக்கினார்கள். படகு தண்ணீரை விட்டு மேலே வந்தது. கீலின் பின்பக்கம் இரண்டு விரல் அளவுக்குக் கீழே இறங்கி நின்றது, அந்த இடைவெளி வழியாக உள்ளே இருந்த தண்ணீர் கொட்டியது. பல் டாக்டர் வாயை மூடிப் பார்த்தது அன்றைக்குத்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. இன்னும் ஒரு சுற்று போயிருந்தால் கீல் மொத்தமாகக் கழன்றிருக்கும், அந்த நேரத்தில் உன்னை நேரில் பார்த்திருந்தால் அறைந்திருப்பேன்.

தகுதி நீக்கத்தை நீயே வைத்துக்கொள். மூன்றாவது சட்டம் போட்டபின் அதே அறுபது படகோடு வந்து ஜெயிக்கிறேன். கோப்பையைக் கொடுக்க நீ வா, வாந்திக்குப் பை எடுத்துக்கொண்டு.

ஒரு விஷயம் உனக்கு எழுதாமல் விட முடியவில்லை. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரில் நான் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். மனுஷனா அவன், பெற்ற பிள்ளை மாதிரி இருக்கிறவளை, என்றெல்லாம். சின்னவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள், திரும்பி, "நிறுத்தும்மா" என்றாள். "மாமாவுக்காவது தெரியாது. உனக்குத் தெரியும்ல? விரிசலைப் பாத்த, ஒட்டுன, மூணு நாள் என்னை அதுக்கு மேலயே உக்கார வெச்ச. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? அளவுக்காரர் பலகையைத் தூக்கினப்பதான் எனக்கே தெரியும். நீங்க ரெண்டு பேரும் ஒரே அச்சுல வார்த்தது."

சொன்னால் பயந்துவிடுவாள், பாயைச் சரியாக இழுக்க மாட்டாள் என்று நினைத்தேன். ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேன். அவள் அப்போது என்னைத் திரும்பிப் பார்த்ததை அவமானம் என்று உனக்கு எழுதினேன் பார், அதை இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

ஆறு நாளாக என்னோடு பேசவில்லை. உன்னோடும் பேசப்போவதில்லை என்கிறாள். அதனால் எனக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு அவளுக்கு எழுது. கணக்கு, எடை, காற்று என்று ஆரம்பிக்காதே. விரலைக் கவ்வியதை எழுது.

நானும் அவளுக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த அறைக்குத்தான், கதவுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். இதுவரை இரண்டு போயிருக்கிறது. இன்னும் பதில் வரவில்லை.

உன் நம்பரைத் தடையிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதே, கோபம் இன்னும் ஆறவில்லை.

அக்கா